கட்டளையும் மனச்சாட்சியும்



தீய செயலைச் செய்கிறவன் தீய நெஞ்சம் உடையவனாகவே இருப்பான் என்று உலகம் பொதுவாக எண்ணுகிறது. கொடுமை நடந்த இடத்தில் குரோதம் கொண்ட மனிதன் ஒருவன் இருந்தே தீருவான் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். இவ்வெண்ணம் நமக்கு ஆறுதல் அளிப்பதாகும். ஏனெனில், நம் நெஞ்சில் குரோதம் இல்லாத வரையில் நம் கையால் எவருக்கும் கொடுமை நேராது என்று நாம் நம்பியிருக்க அது இடந்தருகிறது. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உறுதியானது என்பதைச் சோதித்த ஒரு பரீட்சையையும், அப்பரீட்சையைக் கண்முன் நிறுத்தும் ஓர் ஆவணப்படத்தையும் இப்பாடத்திற்குப் பொருளாக எடுத்துக்கொள்வோம்.

அப்படத்தின் பெயர் ‘ஒபீடியன்ஸ்’ என்பது. கீழ்ப்படிதல் என்பது அதன் பொருள். அமெரிக்க நாட்டு மனோதத்துவ அறிஞர் ஸ்டான்லி மில்கிராம் அதைத் தயாரித்து 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். முக்கால் மணி நேரம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் அது. அதில் பாட்டு இல்லை, அலங்காரம் இல்லை. ஓர் அறை, ஒரு மேஜை, ஓர் இயந்திரம், அதன் முன் அமர்ந்த ஒரு மனிதர் ஆகியவையே அதில் பெரும்பாலும் காணப்படுவன. ஆயினும் அதைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

பரீட்சை தோன்றிய காலம்

மில்கிராம் 1933ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பயின்று, 1960இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜெர்மனியின் நாஜி அரசு ஏறக்குறைய 60 லட்சம் யூத மக்களைக் கொன்றொழித்த செய்தி அவர் தலைமுறையினர் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு சிலர் கட்டளையிட்டதால் மட்டும் இவ்வளவு பெரிய கொலைத் தொழில் நடந்திருக்க இயலாது. ரயிலை ஓட்டியவர், பட்டியல் எழுதியவர், கதவைப் பூட்டியவர் என்று எண்ணற்ற சாதாரண மக்கள் அதில் பங்கு கொண்டிருந்தனர். அவர்கள் ஏன் இணங்கினார்கள் என்பதே கேள்வி.

அக்கொலைத் திட்டத்தை நடத்திய அதிகாரிகளுள் ஒருவனான அடால்ப் ஐக்மன் மீது ஜெருசலேம் நகரில் 1961 ஏப்ரலில் விசாரணை தொடங்கிற்று. தான் மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றியவன் மட்டுமே என்பது அவன் வாதம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மில்கிராமின் பரீட்சை நியூ ஹேவனில் ஆரம்பமாகி, 1962 மே மாதம் வரை நடைபெற்றது. அதன் இறுதி நாட்களில் மறைவாக வைத்த காமிராவைக் கொண்டு எடுக்கப்பட்ட காட்சிகளே பின்னர் படமாகத் தொகுக்கப்பட்டன.

பரீட்சை நடந்த முறை

ஞாபக சக்தியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை. ஒரு மணி நேரத்திற்கு 4 டாலரும், வழிச்செலவுக்கு 50 சென்ட்டும் தரப்படும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வெளியாயிற்று. தொழிலாளர், எழுத்தர், வியாபாரி, ஆசிரியர், பொறியியலாளர் எனப் பலதரப்பட்டவர்கள் வந்தனர். வயது 20 முதல் 50 வரை. வந்தமைக்காகவே பணம் தரப்படுகிறது என்றும், பின்னர் என்ன நேரினும் அது அவர்களுடையதே என்றும் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது. இதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். கூலி போய்விடுமே என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லை.

வந்தவர் அங்கே இருவரைக் காண்பார். ஒருவர் சாம்பல் நிற அங்கி அணிந்த ஆராய்ச்சியாளர். மற்றவர் தம்மைப் போலவே விளம்பரம் கண்டு வந்தவராகத் தோன்றும், நடுத்தர வயதுடைய, இனிய முகமுள்ள மனிதர். உண்மையில் இவ்விருவருமே மில்கிராம் அமர்த்திய ஆட்கள். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இரண்டு சீட்டிலும் ஆசிரியர் என்றே எழுதியிருக்கும். ஆகவே வந்தவர் எப்போதும் ஆசிரியர் ஆவார். அந்த இனிய முகமுள்ளவர் எப்போதும் மாணவர் ஆவார்.

மாணவரை அடுத்த அறையில் நாற்காலியில் அமர்த்தி, வாரினால் பிணைத்து, மணிக்கட்டில் மின்சாரக் கம்பியைப் பொருத்துவார்கள். ஆசிரியர் இவ்வறையில் ஓர் இயந்திரத்தின் முன் அமர்வார். அதில் 30 விசைகள் வரிசையாக இருக்கும். முதல் விசை 15 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் 15 வோல்ட் கூடி, கடைசி விசை 450 வோல்ட். இலேசான அதிர்ச்சி என்ற சொற்கள் ஒரு முனையிலும், அபாயம், கடும் அதிர்ச்சி என்ற சொற்கள் மறுமுனையை அடுத்தும் எழுதப்பட்டிருக்கும். அதற்கும் அப்பால் சொல் எதுவும் இல்லை; மூன்று பெருக்கல் குறிகள் மட்டுமே. அதிர்ச்சி எப்படி இருக்கும் என்று அறியும்பொருட்டு ஆசிரியருக்கே 45 வோல்ட் கொடுத்துக் காட்டுவார்கள்.

ஆசிரியர் சொற்களை இணை இணையாக வாசித்து, பின்னர் மாணவரின் ஞாபகத்தைச் சோதிக்க வேண்டும். விடை தவறும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்த வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு படி கூட்ட வேண்டும். மாணவர் உடலில் மின்சாரம் உண்மையில் பாயவில்லை. அவர் எழுப்பும் ஓசைகள் முன்னரே பதிவு செய்யப்பட்டவை. ஆனால் ஆசிரியர் இதை அறியார். 75 வோல்ட்டில் முனகல் கேட்கும். 120இல் வலிக்கிறது என்று உரக்கச் சொல்வார். 150இல் தம்மை விட்டுவிடுமாறு கேட்பார். 300இல் இனி விடை சொல்லமாட்டேன் என்று கூவுவார். 330க்குப் பின் அவ்வறையிலிருந்து ஓசையே எழாது. மௌனத்தையும் தவறான விடையாகக் கொண்டு மேலே செல்லுமாறு ஆராய்ச்சியாளர் சொல்லுவார்.

ஆசிரியர் தயங்கினால் ஆராய்ச்சியாளர் அதட்டுவதில்லை, அடிப்பதில்லை, அச்சுறுத்துவதும் இல்லை. தயவு செய்து தொடருங்கள் என்பார். மீண்டும் தயங்கினால், பரீட்சைக்கு நீங்கள் தொடர்வது தேவை என்பார். அடுத்து, தொடர்வது மிகவும் இன்றியமையாதது என்பார். கடைசியாக, உங்களுக்கு வேறு வழி இல்லை, தொடர்ந்தே ஆக வேண்டும் என்பார். இந்நான்கு வாக்கியங்களே அவருடைய ஆயுதம்.

கண்ட முடிவு

எத்தனை பேர் கடைசி விசை வரை செல்வார்கள் என்று மனநோய் மருத்துவர்கள் சிலரிடம் மில்கிராம் கேட்டார். ஆயிரத்தில் ஒருவர் செல்லக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. பெரும்பாலோர் 150 வோல்ட்டோடு நிறுத்திவிடுவர் என்றார்கள்.

1963இல் மில்கிராம் வெளியிட்ட முதல் கட்டுரை வேறு விதமான செய்தியைக் கூறிற்று. அதில் விவரிக்கப்பட்ட முறையில் மாணவரின் பேச்சு கேட்காது. 300 வோல்ட்டில் அவர் சுவரை உதைப்பது மட்டும் கேட்கும். 40 பேர் அமர்ந்தனர். 300க்கு முன் ஒருவரும் நிறுத்தவில்லை. 26 பேர் 450 வரை சென்றனர். பின்னர் மாணவரின் கதறல் சொற்களாகவே காதில் விழும்படி செய்து பார்த்தபோதும் 40 பேரில் 25 பேர் இறுதி வரை சென்றனர். பெண்கள் 40 பேரை அமர்த்திப் பார்த்தபோது 26 பேர் சென்றனர்.

இவர்கள் கொடியவர்களா? அன்று என்று எண்ணவே படம் நமக்குச் சான்று தருகிறது. அவர்கள் வியர்த்தனர், நடுங்கினர், உதட்டைக் கடித்தனர். சிலர் தம்மையறியாமல் சிரித்தனர். அது மகிழ்ச்சிச் சிரிப்பன்று, நெஞ்சின் வேதனை வழி தெரியாமல் வெளிப்படும் சிரிப்பு. குரோதம் அவ்வறையில் எங்கும் காணப்படவில்லை. ஆயினும் கை விசையை அழுத்திற்று.

படத்தில் வரும் ஒரு மனிதர்

படத்தில் நீண்ட நேரம் காட்டப்படுபவர் ஐம்பது வயதை அடுத்த, அப்போது வேலையற்றிருந்த ஒரு மனிதர். இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார். நம்மோடு ஆலையில் வேலை செய்த எவரையும் போன்ற தோற்றம். மாணவர் கதறத் தொடங்கியதும் அவர் திரும்பித் திரும்பி ஆராய்ச்சியாளரைப் பார்க்கிறார். அந்த மனிதர் கூச்சலிடுகிறாரே, நான் அவரைக் கொல்லமாட்டேன் என்று வாதாடுகிறார். உள்ளே சென்று ஒருமுறை பார்த்து வருமாறு வேண்டுகிறார். ஆராய்ச்சியாளர் நிதானமாக, தொடருங்கள் என்கிறார்.

அப்பொழுது அவர் கேட்கும் கேள்வி, இந்தப் பாடத்தின் நடுநாயகமானது. அந்த மனிதருக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறார். பொறுப்பு என்னுடையது என்று ஆராய்ச்சியாளர் பதில் சொல்கிறார். அவ்வளவுதான். மனிதர் மீண்டும் இயந்திரத்தின் பக்கம் திரும்புகிறார். அவருடைய வேதனை குறையவில்லை, வாதமும் ஓயவில்லை. ஆனால் கை ஓயாமல் மேலே மேலே செல்கிறது. 450ஐயும் அழுத்திவிடுகிறார்.

இங்கே நாம் இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, அவர் மனச்சாட்சி உறங்கிக் கிடக்கவில்லை. அது உரக்கப் பேசிற்று. இரண்டாவது, பேசிய மனச்சாட்சி செயலை நிறுத்தவில்லை. மனத்துள் வருந்துவதையும், வாயால் எதிர்த்துச் சொல்வதையும் அவர் மறுப்பதாகவே எண்ணியிருக்கலாம். அடுத்த அறையிலுள்ளவருக்கு அவ்வருத்தத்தால் ஆன பயன் ஒன்றுமில்லை. செய்துகொண்டே வருந்துகிறவனுக்கும், வருந்தாமல் செய்கிறவனுக்கும் உள்ள வேற்றுமையை அடிபடுகிறவன் உடம்பு அறியாது.

எண்ணிக்கைகள் கற்பிப்பவை

மில்கிராம் ஒரே முறையில் நின்றுவிடவில்லை. 700க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, சூழ்நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிப் பார்த்தார். இம்மாற்றங்களின் விளைவை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, அருகாமை. மாணவரை அதே அறையில் சில அடி தூரத்தில் அமர்த்தியபோது, இறுதி வரை சென்றவர்கள் 40இல் 16 பேராகக் குறைந்தனர். மாணவர் கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைத்து அழுத்த வேண்டும் என்றபோது 12 பேராயினர். துன்புறுகிறவன் முகம் தெரியத் தெரியக் கட்டளையின் வலிமை தேய்கிறது. ஆனால் தொட்டு அழுத்தவும் 12 பேர் துணிந்தனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது.

இரண்டாவது, அதிகாரியின் இருப்பு. ஆராய்ச்சியாளர் அறையை விட்டு வெளியேறி, தொலைபேசி மூலம் கட்டளையிட்டபோது 9 பேரே இறுதி வரை சென்றனர். சிலர் சிறிய விசையை மட்டும் அழுத்திக்கொண்டு, பெரிய விசையை அழுத்துவதாகத் தொலைபேசியில் பொய் கூறினர். இரக்கம் அவர்களிடம் இருந்தது. எதிரே நின்று மறுத்துச் சொல்லும் துணிவு இல்லை.

மூன்றாவது, சுயேச்சை. எவ்வளவு வோல்ட் கொடுப்பது என்பதை ஆசிரியரின் விருப்பத்திற்கே விட்டபோது, 40 பேரில் ஒருவரே கடைசி விசையைத் தொட்டார். ஏனையோரில் பெரும்பாலோர் சிறிய அளவோடு நின்றனர். பிறரைத் துன்புறுத்தும் ஆசை மனிதனுக்குள் பொங்கி நிற்கிறது, கட்டளை அதற்கு வாய்ப்பளிக்கிறது என்று கூறுவோர்க்கு இதுவே மறுப்பு.

நான்காவது, வேலைப் பங்கீடு. விசையை வேறொருவர் அழுத்த, வந்தவர் சொற்களை வாசித்துச் சரி தவறு குறிப்பது போன்ற துணை வேலை மட்டும் செய்தபோது, 40 பேரில் 37 பேர் இறுதி வரை உடனிருந்து உதவினர். இதை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். ஆலையில் பஞ்சைப் பிரிப்பவர் ஒருவர், நூற்பவர் ஒருவர், நெய்பவர் ஒருவர். முடிவில் வெளிவரும் துணியை எவரும் தம் கைத்துணி என்று கருதுவதில்லை. துணியில் இதனால் தீங்கில்லை. ஆனால் கொடுமையும் இவ்வாறே பல கைகளுக்குப் பங்கிடப்படும்போது, அது யாருடைய செயலும் ஆகாமல் நடந்தேறிவிடுகிறது.

ஐந்தாவது, அதிகாரத்தின் ஒற்றுமை. ஆராய்ச்சியாளர் இருவர் அமர்ந்து, ஒருவர் தொடரச் சொல்ல, மற்றவர் நிறுத்தச் சொன்னபோது, அமர்ந்த 20 பேரில் ஒருவரும் இறுதி வரை செல்லவில்லை. சர்வகலாசாலையை விட்டு, பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் பரீட்சையை நடத்தியபோது எண்ணிக்கை 19 ஆயிற்று. மாளிகையின் மதிப்புப் போனாலும் அங்கியும் நிதானமான குரலும் போதுமாயிருந்தன.

ஆறாவது, தோழர் மறுப்பு. வந்தவரோடு இன்னும் இரண்டு ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அவ்விருவரும் மில்கிராமின் ஆட்களே. ஒருவர் 150 வோல்ட்டில் எழுந்து, இனித் தொடரமாட்டேன் என்று விலகி அமர்ந்தார். மற்றவர் 210இல் விலகினார். அதன்பின் தனித்து விடப்பட்ட 40 பேரில் இறுதி வரை சென்றவர் நால்வரே. ஏனைய 36 பேரும் மறுத்தனர். இவர்கள் வேறு மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். தனியே அமர்ந்திருந்தால் இவர்களில் பெரும்பாலோர் 450ஐ அழுத்தியிருப்பார்கள். ஒருவர் முதலில் எழுந்தது இவர்களையும் எழுப்பிற்று.

மறுத்தவர்கள்

தனியே இருந்தும் மறுத்தவர்களை நாம் மறத்தலாகாது. மில்கிராம் 1974இல் வெளியிட்ட நூலில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். ஒருவர் ஹாலந்திலிருந்து வந்து குடியேறிய பொறியியலாளர். 255 வோல்ட்டில் நிறுத்தினார். வேறு வழி இல்லை என்று சொல்லப்பட்டபோது, வழி உண்டு, நானாகவே இங்கு வந்தேன் என்ற கருத்தில் பதிலளித்தார். அதுவரை அழுத்தியதற்குப் பொறுப்பாளி யார் என்று பின்னர் கேட்டபோது, பிறர்மீது சாட்டாமல் தம்மீதே ஏற்றுக்கொண்டார்.

மற்றொருவர் மருத்துவத் துறையில் பணி செய்த பெண்மணி. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் வளர்ந்தவர். 210 வோல்ட்டில், கூச்சலோ கண்ணீரோ இன்றி அமைதியாக மறுத்துவிட்டார். அவர் முகத்தில் நடுக்கமும் காணவில்லை. மறுப்பு எவ்வளவு எளிய செயலாக இருக்கக்கூடும் என்று மில்கிராமே வியந்தார். இந்த இருவரிடமும் பொதுவாகக் காண்பது ஒன்று: செயல் தம்முடையது என்பதை அவர்கள் பிறர் கையில் ஒப்படைக்கவில்லை.

பரீட்சையின் மீது எழுந்த கண்டனம்

பரீட்சை வெளியானதும் கண்டனம் எழுந்தது. டயானா பாம்ரிண்ட் என்ற மனோதத்துவ அறிஞர் 1964இல், நம்பி வந்தவர்களை ஏமாற்றி இவ்வளவு வேதனைக்கு உள்ளாக்க ஆராய்ச்சியாளருக்கு உரிமை ஏது என்று கேட்டார். தாம் இப்படிப்பட்ட காரியம் செய்யக்கூடியவர் என்ற அறிவோடு ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்புவது அவருக்கு நிலையான தீங்காகாதா என்பது வினா. பங்கு கொண்டவர்களைப் பின்னர் கடிதம் மூலம் கேட்டதில் நூற்றுக்கு 84 பேர் பங்கு கொண்டது பற்றி மகிழ்வதாகக் கூறினர் என்று மில்கிராம் விடையளித்தார்.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜினா பெரி, யேல் சர்வகலாசாலையில் பாதுகாக்கப்பட்ட பதிவுகளைக் கேட்டாராய்ந்து 2012இல் நூல் வெளியிட்டார். ஆராய்ச்சியாளர் நான்கு வாக்கியங்களோடு நிற்காமல் பலமுறை வற்புறுத்தியதையும், மாணவர் உண்மையில் துன்புறவில்லை என்ற முழு உண்மை பலருக்கு அன்றே சொல்லப்படாததையும் அவர் எடுத்துக்காட்டினார். அவரும் வேறு சிலரும் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, மாணவர் மெய்யாகவே துன்புறுகிறார் என்று நம்பியவர்களே அதிகமாக மறுத்தனர் என்று காட்டிற்று. ஆகவே 65 சதவீதம் என்ற எண்ணை மனித குலத்தின் மீது எழுதப்பட்ட தீர்ப்பாகக் கொள்வது தவறு. ஓர் அறையில் ஒரு மணி நேரம் நடந்ததையும், பல்லாண்டுப் பகையும் பிரசாரமும் சேர்ந்து விளைத்த நாஜிக் கொலைகளையும் ஒன்றாக்குவதும் தவறு.

ஆயினும் பரீட்சை முற்றும் பொய்த்துவிடவில்லை. ஜெர்ரி பர்கர் என்ற அறிஞர் 150 வோல்ட்டோடு நிறுத்தும்படி பரீட்சையை மாற்றியமைத்து, 2009இல் முடிவை வெளியிட்டார். அப்போதும் 40 பேரில் 28 பேர் 150ஐக் கடந்து செல்ல ஆயத்தமாயிருந்தனர். அவருடைய பரீட்சையில் மற்றொன்றும் வெளிப்பட்டது. வேறு வழி இல்லை என்ற நான்காவது வாக்கியத்தைக் கேட்டவர்களில் ஒருவரும் தொடரவில்லை. அப்பட்டமான கட்டளைக்கு மனிதர் பணியவில்லை. விஞ்ஞானத்திற்கு உங்கள் உதவி தேவை என்ற நயமான சொல்லுக்கே பணிந்தனர். நல்ல காரியம் ஒன்றுக்குத் துணை நிற்கிறோம் என்ற எண்ணமே அவர்களைச் செலுத்திற்று என்று இக்காலத்து அறிஞர் சிலர் விளக்குகிறார்கள்.

இந்த விளக்கம் மில்கிராமையும் சாரும் என்பது நம் கருத்து. நடுங்குகிற மனிதரைக் கண்ணாடிக்குப் பின்னிருந்து பார்த்துக்கொண்டே, விஞ்ஞானத்தின் பொருட்டு அடுத்தவரையும், அதற்கடுத்தவரையும் அவர் அழைத்தார். மாதங்கள் பல கடந்தும் நிறுத்தவில்லை. உயர்ந்த நோக்கம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு அவரும் ஓர் உதாரணம். அவர் கண்ட உண்மையை நாம் ஏற்கலாம். கண்ட வழியை வினவாமல் விடலாகாது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

கீழ்ப்படிதல் யாவும் தீது என்று இதிலிருந்து முடிவு செய்தல் கூடாது. மருத்துவர் சொற்படி மருந்துண்கிறோம். ஓடும் இயந்திரத்தருகே எச்சரிக்கைப் பலகைக்குக் கீழ்ப்படிகிறோம். இவை உயிரைக் காப்பவை. நாம் அஞ்ச வேண்டிய கட்டளை வேறு. அது மூன்றாமவர் ஒருவர் மேல் விழுவது. அவர் வேண்டாம் என்று சொல்லியும் நிற்காதது. பொறுப்பை நான் ஏற்கிறேன், நீ செய் என்று நம்மிடம் சொல்லுவது. இம்மூன்றும் ஒன்று சேர்ந்த இடத்தில் நாம் நின்று யோசித்தல் வேண்டும்.

எங்கே நிற்பது என்பதற்கும் பரீட்சை விடை தருகிறது. 150 வோல்ட்டில்தான் மாணவர் முதன்முதலாகத் தம்மை விடுவிக்கக் கேட்கிறார். அவ்விடத்தைக் கடந்தவர்களுள் ஏறக்குறைய ஐவரில் நால்வர் கடைசி வரை சென்றனர். ஒவ்வொரு விசையும் முந்திய விசையை விட 15 வோல்ட்டே அதிகம். 150ஐ அழுத்தியவன் 165ஐ அழுத்தமாட்டேன் என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வான்? மறுத்தால், முன்பு செய்ததும் தவறு என்று ஒப்புக்கொண்டதாகுமே என்ற வெட்கம் அவனைத் தள்ளுகிறது. ஆகையால் மறுப்பைக் கடைசி விசைக்கென்று சேமித்து வைப்பவன் மறுக்கவே மாட்டான். முதல் முறை ஒருவர் வேண்டாம் என்று சொல்லும்போதே நிற்றல் வேண்டும்.

புத்த பகவான் கேசபுத்தம் என்னும் ஊரிலிருந்த காலாமர்களுக்கு உபதேசித்ததை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். வழிவழியாக வந்தது என்பதாலோ, சாத்திரத்தில் உள்ளது என்பதாலோ, சொன்னவர் நம் குரு என்பதாலோ ஒன்றை ஏற்க வேண்டாம். அது தீங்கு பயப்பது என்று தாமே அறிந்தபோது விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். வினை என்பது எண்ணித் துணிந்து செய்வது என்றும் தம்மம் கற்பிக்கிறது. என் வினையை இன்னொருவர் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அதனால் அது அவருடையதாகிவிடாது.

பிறப்பினால் மனிதனைத் தாழ்த்தும் கட்டளைக்குப் பணிய மறுத்தே நம்மில் பலர் இந்நெறிக்கு வந்தோம். தலைமுறை தலைமுறையாக அக்கட்டளையை நிறைவேற்றியவர்களில் எத்தனையோ பேர் நம்மிடம் தனிப்பட்ட பகை கொண்டவர்கள் அல்லர். வழக்கம் அப்படி, பெரியவர்கள் சொன்னார்கள் என்று அவரவர் விசையை அழுத்தினர். அடுத்த அறையில் இருந்தவர் குரல் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். ஆதலின், நாம் இன்று எந்த இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு அதிகம். வீட்டில் பெண்மக்களிடமும், வேலையில் நமக்குக் கீழுள்ளவரிடமும், சபையில் நம்மினும் வறியவரிடமும், பிறர் சொன்னபடி நடந்தோம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமயங்கள் எவை என்று ஆராய்தல் வேண்டும்.

ஒரு நற்செய்தியோடு முடிப்போம். 36 பேர் எழுந்து நின்றார்கள் என்பது அச்செய்தி. அவர்களுக்கு முன் எவரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒருவர், நான் செய்யமாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார், அவ்வளவே. மனிதர்க்குள் இரக்கம் உண்டு. அது முதலில் எழுபவர் ஒருவருக்காகக் காத்திருக்கிறது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. இறுதி வரை சென்றவர்கள் குரோதத்தால் சென்றவர்கள் அல்லர் என்று எந்தப் பரீட்சை முடிவைக் கொண்டு கூறலாம்?

2. தொலைபேசியில் பொய் கூறியவர், எதிரே நின்று மறுத்தவர் ஆகிய இருவருக்கும் உள்ள வேற்றுமை யாது? இருவரில் யாரால் மற்றவர்களும் எழக்கூடும்?

3. பொறுப்பு என்னுடையது என்று ஆராய்ச்சியாளர் சொன்னதும் அம்மனிதர் ஏன் தொடர்ந்தார்? அவர் இடத்தில் நாம் என்ன பதில் சொல்லியிருத்தல் வேண்டும்?

4. உண்மையைக் கண்டறிவதற்காக நம்பி வந்தவரை ஏமாற்றுவது தகுமா? இரு பக்கத்து வாதங்களையும் கூறுக.

5. சென்ற ஒரு மாதத்தில், வேண்டாம் என்று ஒருவர் சொல்லியும், பிறர் சொன்னதற்காக நாம் தொடர்ந்து செய்த காரியம் ஏதேனும் உண்டா? இதற்கு விடை எழுத வேண்டுவதில்லை. மனத்தில் ஆராய்ந்தால் போதும்.